யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குச் சைக்கிளில்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

விடியப்புறம் பண்ணைப் பாலத்தடியில் கூடிச் சைக்கிள் ஓடுகிற ஆட்கள் கேட்கிறார்கள், அவர்களைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் கேட்கிறார்கள், சொந்தக்காரரின் பிள்ளைகள் கலியாண வீட்டுப் பந்தியில் வைத்துக் கேட்கிறார்கள். எல்லாம் ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் உளைந்துவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் கேட்டால் ஒன்பது பேர் ஏறுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் விழுந்ததெல்லாம் இறங்கும்போதுதான்.

எங்கட ஊர் தட்டையாக் கிடக்கு. மலையே காணாத காலால மலை ஏற ஏலுமோ?

ஏலும். எங்களுக்கு மலை என்றால் கீரிமலை, அதிலும் பெயரில் மட்டும்தான் மலை. ஆறு என்றால் வழுக்கியாறு, அதுவும் மாரியில் மட்டும். இருந்தாலும் சைக்கிள் மிதிப்பதில் எங்கள் ஆட்களைக் குறைவாக மதிக்க வேண்டாம். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில் இந்தக் குடாநாடு முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல்மூட்டை, நோயாளி எல்லாம் கரியரில்தான் போயின. அந்தக் கால்களின் பிள்ளைகள்தான் நாங்கள்.

மலை ஏறப் பெரிய பலம் வேண்டியதில்லை, மெதுவாகப் போகச் சம்மதிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மணிக்கு 25 கிலோமீற்றர் ஓடிப் பழகியவருக்கு மலையில் 8 கிலோமீற்றரில் ஊர்வது அவமானமாக இருக்கும். அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் முதல் அரை மணித்தியாலத்திலேயே இழுத்து மிதித்துக் காலைக் கெடுத்துக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏழு வீதம், எட்டு வீதம் சாய்வு எண்டுறாங்கள். அது என்ன கணக்கு?

நூறு மீற்றர் முன்னே போகும்போது ஏழு மீற்றர் மேலே போனால் அது ஏழு வீதம். அதாவது நூறு மீற்றரில் இரண்டு மாடி வீட்டு உயரம். நாலு வீதம் வரைக்கும் ஒருவர் கதைத்துக்கொண்டே ஏறலாம், ஏழில் கதை நிற்கும், பத்தைத் தாண்டினால் வீட்டு ஞாபகம் வரும்.

மலைநாட்டின் பெரிய வீதிகளில் பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டி ஏறத்தக்கதாக வளைத்து வளைத்துப் போட்ட வழிகள். அதனால் அவை நீளம், ஆனால் அவ்வளவு செங்குத்து இல்லை. தோட்டங்களுக்குள் போகிற கிளை வீதிகள் அப்படியில்லை. வரைபடத்தில் குறுக்கு வழி மாதிரித் தெரிகிற கோட்டை நம்பிப் போனால் சைக்கிளைத் தோளில் தூக்கவேண்டி வரும்.

லுமாலா சைக்கிள்ல போகலாமோ? புதுசு வாங்கத்தான் வேணுமோ?

ஒற்றைக் கியர் லுமாலாவில் நுவரெலியா ஏற நினைப்பது வீரம், ஆனால் நான் சொல்லமாட்டேன். ஏறுவதைப் பற்றியல்ல என் பயம். ஏற முடியாவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த மினுங்குகிற இரும்பு றிம்மில் மழைத்தண்ணீர் பட்டால் பிறேக் பிடிக்காது. கட்டை வழுக்கிக்கொண்டே போகும், சைக்கிளும் போகும். எங்கள் ஊரில் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். காலை ஊன்றி நிற்பாட்டலாம். நுவரெலியா வீதியில் லபுக்கலை வளைவுகளில் முடியாது.

அலுமினிய றிம், நல்ல பிறேக், கியர் மூன்றும் உள்ள எந்தப் பழைய சைக்கிளும் போதும். ரேஸ் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. இரண்டாம் கையாக வாங்கிய மவுண்டன் சைக்கிளுக்கு மெல்லிய ரயர் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே மேலே போய் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணை எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். அவருக்கு வயது அம்பத்தெட்டு.

21 கியர் இருக்கு. போதுமோ?

எத்தனை கியர் என்பது கணக்கில்லை, ஆகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதுதான் கணக்கு. முன் செயின்வீலின் பல்லை எண்ணுங்கள், பின் பிறீவீலின் ஆகப் பெரிய வட்டத்தின் பல்லை எண்ணுங்கள். முன்னுக்கு 34, பின்னுக்கும் 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லும் ஒரே ஒரு சுற்று. சாதாரண ரேஸ் சில்லுக்கு அது ஏறக்குறைய 2.1 மீற்றர். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு ஏழரைக் கிலோமீற்றர் சொச்சம். மலைக்கு அந்த வேகம் தாராளம்.

பழைய ரேஸ் சைக்கிள்களில் முன்னுக்கு 39, பின்னுக்கு 25 என்று இருக்கும். அதில் இதே வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 38, 39 மிதிதான் வரும். ஒவ்வொரு மிதியும் கிணற்றில் துலா இழுக்கிற மாதிரி, முழங்கால் பிறகு கதை சொல்லும். மூன்று செயின்வீல் உள்ள 21 கியர் சைக்கிளில் முன்னுக்கு ஆகச் சிறியது பெரும்பாலும் 28 அளவில்தான் இருக்கும். ஆகவே அது தாராளமாகப் போதும்.

மலையில்லாத ஊரில என்னெண்டு பழகிறது?

காத்துத்தான் எங்கள் மலை. சோளகம் என்ற தென்மேற்குக் காத்துப் பிடிக்கிற மாதங்களில் பண்ணைப் பாலத்திலோ காரைநகர் போகிற தாம்போதியிலோ எதிர்க்காத்தில் ஓடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல், மறைக்க ஒரு வேலி இல்லை, மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். மலையில் நடப்பதும் அதேதான். பெடலுக்கு ஓய்வே கிடையாது. ஆனையிறவுப் பக்கம் போய்வந்தாலும் சரி.

காத்தில் ஒரு மணித்தியாலம் விடாமல், ஒரே சீராக, மூச்சு வாங்காமல் மிதிக்கப் பழகினால் போதும். வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு மாதம். வேகத்தைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். கரியரில் பத்துக் கிலோ அரிசி கட்டிக்கொண்டு பழகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். பழகலாம், தவறில்லை, ஆனால் அம்மாவிடம் கேட்டுவிட்டு அரிசியை எடுங்கள்.

உயரத்துக்குப் போனா ஒட்சிசன் குறையுமாமே? மூச்சு முட்டாதோ?

நுவரெலியா 1868 மீற்றர். அந்த உயரத்தில் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான். உயரத்தால் தலையிடி, வாந்தி வருவதெல்லாம் பொதுவாக 2500 மீற்றருக்கு மேலே. இலங்கையின் ஆக உயர்ந்த பீதுருதாலகாலையே 2524தான். மூச்சு முட்டுகிறது என்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள், வேறொன்றுமில்லை. இருதய வருத்தம், இளைப்பு உள்ளவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போறது நல்லது?

மலைநாடு முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது மேற்குச் சரிவைத்தான் நனைக்கும். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டிப் பக்கம் அப்போது போனால் சப்பாத்துக்குள் தவளை கத்தும். அதே நேரத்தில் மலையின் மறுபக்கமான ஊவா, அதாவது வெலிமடை, பண்டாரவளை, எல்ல எல்லாம் காய்ந்து கிடக்கும். டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் இது தலைகீழாகும், ஊவாப் பக்கம் நனையும்.

நுவரெலியாவுக்கு எனக்குப் பிடித்தது பெப்ரவரி, மார்ச். ஏப்ரலில் போகாதீர்கள். வசந்தகாலச் சீசன் என்று ஊர்ப்பட்ட வாகனம் முழுக்க அங்கேதான் நிற்கும். ஊவாவுக்கு ஜூலை, ஓகஸ்ட். எந்த மாதமானாலும் வெள்ளனப் புறப்பட்டு மதியத்துக்குப் பிறகு ஒரு மணி, இரண்டு மணிக்குள் ஓட்டத்தை முடிக்கப் பாருங்கள். பின்னேரத்தில்தான் இடியும் மழையும் புகாரும் வரும்.

சைக்கிளைக் கண்டிக்கு எப்பிடிக் கொண்டுபோறது?

ரெயினில் என்றால் பொதியாகப் பதிந்து கார்ட் பெட்டியில் ஏற்றலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு நேர் ரெயின் இல்லை, பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். மாறும்போது சைக்கிள் தானாக உங்களோடு வரும் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள், நின்று கையோடு எடுத்து ஏற்றுங்கள். போகும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று நிலையத்தில் கேட்டுவிடுங்கள், வெள்ளம் வந்தால் பாதையை மூடிவிடுவார்கள்.

பஸ்ஸில் என்றால் முன்கூட்டியே கொண்டக்டரோடு கதைக்க வேண்டும். முன் சில்லைக் கழற்றி, கியர் இருக்கிற பக்கம் மேலே பார்க்க வையுங்கள். ஒருமுறை ஒரு இரவு பஸ்ஸில் என் சைக்கிளுக்கு மேல் யாரோ கருவாட்டுப் பெட்டியை வைத்துவிட்டார்கள். பின் கியர் வளைந்து, கண்டியில் அரை நாள் போனது. மணம் போக ஒரு கிழமை.

ஏன் ரெயின், பஸ்? ஏ9ல நேரா ஓடியே போனா என்ன?

போகலாம். ஏ9 வீதி கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். மூன்று நாளாகப் பிரித்தால் வவுனியாவில் ஒரு இரவு, தம்புள்ளையில் ஒரு இரவு. ஒரே நாளில் போகலாமா என்று கேட்கிற ஆள் எப்படியும் ஒருவர் இருப்பார். போகிறவர்கள் போவார்கள், இந்தப் பக்கம் அவர்களுக்கு எழுதியதல்ல.

தம்புள்ளை வரைக்கும் மட்டம்தான், வெயில்தான் எதிரி. நாலந்தையைத் தாண்டினால் வீதி மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும், மாத்தளையில் முத்துமாரி அம்மன் கோபுரத்தைக் காணும்போதே நீங்கள் 350 மீற்றருக்கு மேலே வந்திருப்பீர்கள், தெரியாது. மலை வருகிறது என்று பயந்துகொண்டே வந்த ஆளுக்கு அது நல்ல ஏமாற்றம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடக்கும்போது நின்று பாருங்கள். ஆறு இல்லாத ஊரிலிருந்து மூன்று நாள் மிதித்து வந்த ஆளுக்கு அந்தத் தண்ணீர் வேறு மாதிரி.

முதல் தடவை போறன். ஒரே ஒரு பாதையைச் சொல்லுங்கோ.

பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி. மகாவலிப் பள்ளத்தாக்கோடு போகிற பாதை. 335 கிலோமீற்றர் ஓடுகிற அந்த ஆறு இந்தப் பக்கத்தில் இன்னும் இளசுதான். ஒரு பக்கம் ஆறு, ரெயில் பாதையும் கூடவே வரும், இடையிடையே வயல். ஏற்றம் இருக்கிறது, ஆனால் எல்லாம் கடுகு மாதிரிச் சின்னது. மாலையில் திரும்பிக் கண்டிக்கு வந்துவிடலாம். இதில் உங்கள் கியரும் பிறேக்கும் எப்படி என்று தெரிந்துவிடும், அடுத்த நாள் பெரியதைப் பார்க்கலாம்.

ஆத்தங்கரைப் பாதை எண்டா மட்டமாத்தானே இருக்கும்?

இப்படித்தான் நானும் நினைத்தேன். ஆற்றின் ஓரமாகப் போனால் மட்டம். ஆனால் பக்கத்து மலையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் ஓடைகளை வீதி ஒவ்வொன்றாகக் குறுக்கே கடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இறங்கி, பாலம் தாண்டி, திரும்ப ஏற வேண்டும். ஐம்பது கிலோமீற்றர் முடிவில் தொடங்கிய உயரத்திலேயே நிற்பீர்கள், ஆனால் கால் ஒரு மலை ஏறியிருக்கும்.

ஊர்ப் பெயரை வைத்தே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். சிங்களத்தில் ஓயா என்றால் ஓடை, சிற்றாறு. கங்க என்றால் பெரிய ஆறு, கந்த என்றால் மலை, எல்ல என்றால் அருவி. போகிற வழியில் ஓயா என்று முடிகிற பெயர் வந்தால் ஒரு பள்ளம் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில இருந்து நுவரெலியா ஏறுறது எவ்வளவு கஷ்டம்? உண்மையைச் சொல்லுங்கோ.

கண்டியிலிருந்து 77 கிலோமீற்றர் அளவு. கம்பளை வரைக்கும் முதல் நாள் ஓடிய அதே பாதை. கம்பளையில் நீங்கள் 500 மீற்றருக்குக் கொஞ்சம் கீழே, நுவரெலியா 1868. ஆகவே ஐம்பது சொச்சம் கிலோமீற்றரில் 1400 மீற்றர் ஏற வேண்டும். சராசரி மூன்று வீதம்கூட இல்லையே என்று சிலர் கணக்குப் பார்த்துச் சந்தோசப்படுவார்கள். சராசரியில் ஏமாற வேண்டாம், அதற்குள் மட்டமும் இறக்கமும் கலந்து கிடக்கிறது. புதிதாக ஏறுகிறவர் மணிக்கு 300, 400 மீற்றர் உயரம் ஏறலாம். அதனால் நிற்பதையும் சேர்த்து ஐந்து, ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

புசல்லாவை வரைக்கும் சாதாரணம். அதற்குப் பிறகு கொத்மலை நீர்த்தேக்கம் கீழே விரியும், படம் எடுக்கிற சாட்டில் மூச்சு வாங்கலாம். றம்பொடையில் அருவிக்குப் பக்கத்தில் பாலம், சுரங்கம், மேலே அனுமார் கோவில். சுரங்கத்துக்குள் நுழையும் முன் பின் லைற்றைப் போடுங்கள். உண்மையான ஏற்றம் அதற்குப் பிறகுதான். லபுக்கலை வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் தேயிலை. ஒரு வளைவில் நின்று கீழே பார்த்தால் அரை மணித்தியாலத்துக்கு முன் நீங்கள் ஏறிவந்த வீதி காலுக்குக் கீழே நூல் மாதிரிக் கிடக்கும், அதில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவது கேட்கும், அது உங்களைப் பிடிக்க இன்னும் எத்தனை வளைவு என்று எண்ணலாம். நான் எண்ணினேன். ஆறாவது வளைவில் பிடித்துவிட்டது.

வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து. வாகனம் இல்லாவிட்டாலும் ரோட்டின் நடுவுக்குப் போகாமல், இடது பக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் வெளியே எடுத்து வளையுங்கள்.

இடையில இறங்கித் தள்ளினா வெக்கமில்லையோ?

ஆர் பார்க்கப்போகிறார்கள்? தள்ளிக்கொண்டு நடந்தால் மணிக்கு நாலு கிலோமீற்றர், மிதித்தால் ஏழு. வித்தியாசமே மூன்றுதான்.

சாப்பாடு, தண்ணி என்ன மாதிரி?

கடைகளில் விற்கிற வெளிநாட்டுச் சக்திக் கட்டிகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். பனங்கட்டி இருக்கிறது, எள்ளுருண்டை இருக்கிறது, பினாட்டு இருக்கிறது. மூன்றும் பையில் கசங்காது, கெடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு பனங்கட்டித் துண்டு வாயில் போட்டுக்கொண்டால் கால் விடாது. பசி வந்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிட்டது. தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் போட்டு ஒரு போத்தல், வெறும் தண்ணீர் ஒரு போத்தல். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வேர்வை போய்க்கொண்டுதான் இருக்கும்.

வழியில் ரொட்டி, வடை, பிளேன்ரீ எங்கும் கிடைக்கும். ஏறும் முன் மட்டும் வயிறு முட்டச் சோறு சாப்பிடாதீர்கள். றம்பொடையில் அப்படிச் சாப்பிட்டுவிட்டு வளைவுக்கு வளைவு ஏவறை விட்டுக்கொண்டு ஏறிய ஒருவர் இதை வாசிப்பார், அவருக்குத் தெரியும்.

நுவரெலியாக் குளிருக்கு என்ன போடுறது?

ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை அளவு வெப்பம் குறையும். ஆக, கடற்கரையில் 30 பாகை என்றால் நுவரெலியாவில் 18. விடியப்புறம் அதைவிடக் கீழே போகும். ஏறும்போது குளிர் தெரியாது, உடம்பு கொதிக்கும். மேலே போய் நின்றதும் நனைந்த சட்டையில் குளிர் ஏறும். ஆகவே மாற்றுச் சட்டையைப் பையின் அடியில் அல்ல, மேலே வையுங்கள்.

இறங்கும்போது நெஞ்சுக்குள் ஒரு பழைய பேப்பரை மடித்து வைத்தால் காத்து உள்ளே போகாது. அப்புறம் ஒரு சாரம். போர்வை, துவாய், உடுப்பு மாற்ற மறைப்பு, கோவிலுக்குப் போகும்போது கட்டுடுப்பு எல்லாம் அதுதான். விரல் மரத்தால் பிறேக் பிடிக்க முடியாது, ஆகவே கையுறை கட்டாயம்.

எல்லயில இருந்து வெல்லவாய இறக்கம் பறக்கிற மாதிரி இருக்குமாமே?

இருக்கும். அதுதான் பிரச்சினை. எல்ல 1041 மீற்றர், வெல்லவாய 200 அளவில். 27 கிலோமீற்றரில் எட்டு நூறு மீற்றருக்கு மேல் கீழே விழுகிறீர்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், அந்த உயரத்தில் சேர்த்து வைத்த சக்தி இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கொஞ்சத்தைக் காத்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் பயந்து பயந்து பிறேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் மீதி முழுக்க றிம்மில்தான் இறங்கும்.

எனக்கு நடந்தது இதுதான். முதல் தடவை, பயத்தில் இரண்டு பிறேக்கையும் விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினேன். இராவணன் அருவிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வலது வளைவில் பின் சில்லு பொதுக்கென்று அமர்ந்தது, சைக்கிள் வால் வீசியது, நான் இடது பக்கக் கானுக்குள். முழங்கையும் இடுப்பும் உரிந்ததோடு தப்பினேன். ரியூபைக் கழற்ற றிம்மில் கை வைத்தேன், தோசைக் கல்லில் வைத்த மாதிரி. போத்தல் தண்ணீரை ஊற்றச் சுர் என்றது. ரியூபை வெளியே எடுத்தால், வெளிக்கிட முதல் நாள் வீட்டில் நானே போட்ட ஒட்டு, ஓரத்திலிருந்து உரிந்து அப்பளம் மாதிரிச் சுருண்டு நிற்கிறது. சூட்டில் பசை இளகிவிட்டது. அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, முதலில் என் கையைப் பார்க்காமல் அந்த ஒட்டைத்தான் எடுத்துப் பார்த்தார்.

பெரிய வாகனங்களுக்கும் இந்த வீதி லேசானதல்ல. 2025 செப்டெம்பரில் இதே இறக்கத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அப்ப எப்பிடித்தான் இறங்கிறது?

பிறேக்கை ஒரே பிடியாகப் பிடிக்காமல், வளைவு வரும் முன் நேர் ரோட்டில் இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். விடுகிற நேரத்தில்தான் றிம் ஆறும். வளைவுக்குள் பிடித்தால் சில்லு வழுக்கும். இருப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள், வளைவின் வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், பார்வை பள்ளத்தில் இல்லாமல் வளைவின் மறுமுனையில் இருக்கட்டும். கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும்.

ஐந்து கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று றிம்மைச் சூடு பாருங்கள், தொடாமல் பக்கத்தில் கை வைத்து. டிஸ்க் பிறேக் என்றால் ரியூபுக்கு இந்தச் சூடு வராது, ஆனால் டிஸ்க்கே சூடாகிப் பிடி குறையலாம். அதனால் நிற்பது அதற்கும் பொருந்தும். இறங்குகிற பயணத்துக்கு முன் பிறேக் கட்டை புதியது, ரியூபும் ஒட்டே இல்லாதது. இதில் காசு பார்க்காதீர்கள்.

மண்சரிவுக்குப் பயமில்லையோ?

பயம் இருக்கத்தான் வேண்டும். 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போனது மறந்திருக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் மண் சரிந்து ஏராளமான உயிர்கள் போயின, வீதிகளும் ரெயில் பாதையும் பல இடங்களில் உடைந்தன. ஆகவே பழைய வரைபடத்தையும் என் பேச்சையும் மட்டும் நம்பிப் போகாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம் மாவட்டமாக மண்சரிவு எச்சரிக்கை விடும், அதைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990.

இரண்டு நாள் விடாமல் மழை பெய்த இடத்துக்கு மூன்றாம் நாள் போகாதீர்கள், வெயில் எறித்தாலும்தான். வெட்டிய கரையிலிருந்து சின்னக் கல் உருண்டு ரோட்டில் கிடந்தாலோ, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தாலோ திரும்பிவிடுங்கள்.

நான் பொம்பிளைப் பிள்ளை. வீட்டில விடமாட்டினம். என்ன செய்ய?

பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் சைக்கிளில் போய் வளர்ந்த பிள்ளையை மலைக்கு மட்டும் விடமாட்டார்கள், தெரியும். எங்களோடு வந்த இரண்டு தங்கச்சிமார் வீட்டில் கோவில் பயணம் என்றுதான் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. மாத்தளை முத்துமாரி, றம்பொடை அனுமார், நுவரெலியாவுக்கு அங்கால் சீதா எலியவில் சீதை அம்மன் எல்லாம் வழியில்தான். நாலு பேருக்குக் குறையாமல் போங்கள், தங்குமிடத்தை முன்கூட்டியே பதிந்து அந்த இலக்கத்தை வீட்டில் கொடுங்கள், இருட்ட முன் ஓட்டத்தை முடியுங்கள். இதெல்லாம் ஆம்பிளைகளுக்கும் சேர்த்துத்தான்.

எனக்குச் சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமோ?

புசல்லாவை, றம்பொடை, தலவாக்கலை, ஹட்டன், எங்கும் தமிழ் கேட்கும். மலையகத் தமிழின் ராகம் வேறு, ஆனால் "யாழ்ப்பாணத்துல இருந்து சைக்கிள்லயா வாறீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு பிளேன்ரீக்குக் காசு வாங்காமல் விட்ட கடைக்கார அண்ணன் எனக்கு ஒருவரல்ல, மூவர். காலையில் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமாரிடம் வழி கேட்டால் கூகிளைவிடச் சரியாகச் சொல்வார்கள், தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். அவர்களுக்கு எல்லாமே "இந்தா, கிட்டத்தான்". சிங்களக் கிராமங்களில் வத்துர என்றால் தண்ணீர், பார என்றால் வீதி. மீதியைக் கையும் சிரிப்பும் பார்த்துக்கொள்ளும்.

வந்த வழியே திரும்பாம, வேற வழி இருக்கோ?

இருக்கிறது, கொஞ்சம் அனுபவம் வந்த பிறகு. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிய அந்த ஏ5 வீதி அங்கே முடிவதில்லை. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மஹாஓயா என்று இறங்கி மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில் முடிகிறது. ஒரே வீதியில் மலையின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிக் கடலடிக்கு வந்துவிடலாம். பதுளைக்கு அங்கால் சனம் குறைவு, கடை குறைவு, வெக்கை கூட. கீழே போகப் போக யானை நடமாடும் காடு, ஆகவே விடியவும் பின்னேரமும் ஓடாதீர்கள், பகலில் மட்டும். யானையைக் கண்டால் படம் எடுக்க நிற்காதீர்கள், ஒரு பஸ்ஸோ லொறியோ வரும்வரை தூர நில்லுங்கள்.

இன்னொன்று கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வழியாக மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதை. அழகு சொல்லி வேலையில்லை. மேலே எல்ல இறக்கத்துக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் அப்படியே. மாத்தளையிலிருந்து றிவஸ்டன் ஏறுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே சாய்வு கூட, ரோட்டு ஒடுக்கம், காத்து ஆளைத் தள்ளும், நின்றால் அட்டை ஏறும். மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போவீங்களோ?

வாங்கோ. வெளிக்கிடுவதற்கு முதல் ஞாயிறு விடிய ஐந்தரைக்குப் பண்ணையடியில் சைக்கிளோடு நிற்க வேண்டும். கியரைப் பார்க்கமாட்டேன், காலைப் பார்க்கமாட்டேன். பிறேக் கட்டையைப் பார்ப்பேன், பிறகு இரண்டு ரயரையும் கழற்றச் சொல்லி ரியூபைப் பார்ப்பேன். ஒரே ஒரு ஒட்டு இருந்தாலும் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன், அண்ணை தம்பி என்று பார்க்கமாட்டேன்.